1823-ல மன்றோ சொன்ன சொல்லுக்காக அமெரிக்கா சண்டைக்கே போக வேண்டி வந்திருந்தா தாங்கியிருக்குமா?

கேட்டவர்: பழையவரைபடம்

ரொம்ப நாளா மனசுல ஓடிட்டு இருக்கிற கேள்வி. 1823 டிசம்பர் 2-ம் தேதி ஜனாதிபதி ஜேம்ஸ் மன்றோ, இனிமே அமெரிக்கக் கண்டங்கள்ல ஐரோப்பாக்காரங்க புதுசா காலனி பிடிக்கக் கூடாது, விடுதலை வாங்கின நாடுகள் மேல கை வைச்சா அது எங்களுக்கே ஆபத்துன்னு எடுத்துக்குவோம்னு சொன்னாரு. நாடு பொறந்து 47 வருஷம்தான் ஆகுது, மொத்தம் 24 மாநிலம், 1820 கணக்கெடுப்புல ஒரு கோடி பேர்கூட இல்ல. ரெகுலர் ராணுவம்? 1821-ல தான் செலவைக் குறைக்கணும்னு சுமார் 6,000 பேரா வெட்டிட்டாங்க. அதே 1823 ஏப்ரல்ல பிரான்ஸ் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேரை ஸ்பெயினுக்குள்ள அனுப்பி அங்க ராஜா ஃபெர்டினாண்டை மறுபடி முழு அதிகாரத்தோட உட்கார வைச்சிருச்சு. அடுத்து இதே படை ஸ்பெயினோட பழைய காலனிகளைப் பிடிச்சுக் குடுக்க கப்பல் ஏறும்னு வாஷிங்டன்ல நிஜமாவே பயந்திருக்காங்க.

பிரான்ஸ், ரஷ்யா, ஸ்பெயின் மூணும் சேர்ந்து வந்து, பிரிட்டன் கை கட்டி வேடிக்கை பார்த்திருந்தா என்ன ஆகியிருக்கும்? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

---

உப்புக்காற்று:

நல்ல கேள்வி நண்பா. ஆனா "பிரிட்டன் வேடிக்கை பார்த்திருந்தா"ங்கிற இடத்துலயே பாதி விஷயம் முடிஞ்சு போகுது, ஏன்னா அட்லாண்டிக்கைத் தாண்டி ஒரு பெரிய படையைக் கொண்டு வரணும்னா பிரிட்டிஷ் கடற்படை கண்ணை மூடிக்கிட்டாத்தான் முடியும். பிரிட்டன் மூட மாட்டான். ஸ்பெயின் பிடி விட்டதும் தென் அமெரிக்க மார்க்கெட் மொத்தமும் அவன் துணிக்கும் இரும்புக்கும் திறந்துக்கிச்சு, அதை யாருக்கு விட்டுக் குடுப்பான்? வெளியுறவு மந்திரி கேனிங் 1823 அக்டோபர்லயே பிரெஞ்சு தூதர் பொலிஞ்யாக்கைக் கூப்பிட்டுப் பேசி, "படை பலத்தால அங்க எதுவும் செய்ய மாட்டோம்"னு எழுத்துல வாங்கிட்டான். மன்றோ டிசம்பர்ல அறிவிக்கும்போது அந்தச் சேதி வாஷிங்டனுக்கு வந்து சேரல, அவ்வளவுதான்.

அதுக்கு முன்னாடியே கேனிங், பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து அறிக்கை விடலாம்னு கேட்டிருந்தான். அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஜான் குவின்சி ஆடம்ஸ்தான் ஒத்துக்கல, பிரிட்டிஷ் போர்க்கப்பல் பின்னாடி இழுபட்டுப் போற தோணியா நாம இருக்கக் கூடாதுன்னு கேபினெட்ல சொன்னாரு. எனக்கு அந்த மனுஷன் மேல பெரிய மரியாதை வந்ததே இதைப் படிச்சப்பதான். பக்கத்துல பலசாலி நிக்கிறான்னு தெரிஞ்சும் அவன் தோள்ல கை போட்டு நிக்காம தனியா நின்னு சொல்லணும்னு நினைச்சாரு பாருங்க.

---

கணக்குப்பிள்ளை1814:

உப்புக்காற்று சொல்றது சரிதான், ஆனா அவர் கேட்டது கற்பனைப் போர், அதனால பிரிட்டன் இல்லன்னே வைச்சுப் பேசுவோம்.

எல்லாரும் எத்தனை சிப்பாய், எத்தனை பீரங்கின்னு எண்றாங்க, நான் முதல்ல கஜானாவைப் பார்ப்பேன். அந்தக் காலத்துல அமெரிக்க மத்திய அரசுக்கு வருமானமே பெரும்பாலும் சுங்க வரிதான். துறைமுகத்தை அடைச்சா வரி இல்ல, வரி இல்லன்னா சம்பளம் இல்ல, கடனும் கிடைக்காது. இது கற்பனை இல்லைங்க, ஒன்பது வருஷம் முன்னாடிதான் நடந்துச்சு. 1812-ல பிரிட்டனோட சண்டைக்குப் போனாங்க, பிரிட்டிஷ் முற்றுகை இறுக இறுக, 1811-ல சுமார் 6 கோடி டாலரா இருந்த ஏற்றுமதி 1814-ல 70 லட்சத்துக்கு வந்து நின்னுச்சு. அந்த வருஷக் கடைசியில அரசாங்கத்தால வாங்கின கடனுக்கே பணம் கட்ட முடியல. அமெரிக்காவோட வடகிழக்கு மூலையில இருக்கிற நியூ இங்கிலாந்து மாநிலக்காரங்க ஹார்ட்ஃபோர்ட்ல தனியா கூடி மத்திய அரசு மேல மனக்குறையைக் கொட்டிட்டு இருந்தாங்க. அதே வருஷம் ஆகஸ்ட் 24, வாஷிங்டன் பக்கத்துப் பிளேடன்ஸ்பர்க்ல மிலிஷியா (ஊர்க்காரங்களைச் சேர்த்த படை) சிதறி ஓடினதும் பிரிட்டிஷ்காரன் நேரா வாஷிங்டனுக்குள்ள போய் ஜனாதிபதி மாளிகையைக் கொளுத்தினான்.

சரி, 1823-ல நிலைமை மாறியிருந்துச்சா? கொஞ்சம் மாறியிருந்துச்சு. 1816-ல போட்ட சட்டப்படி 74 பீரங்கி வைக்கிற பெரிய கப்பல்கள் கட்ட ஆரம்பிச்சிருந்தாங்க. கரையோரக் கோட்டைகளுக்குத் திட்டம் போட நெப்போலியன்கிட்ட வேலை பார்த்த சிமோன் பெர்னார்டுங்கிற எஞ்சினியரையே கூட்டிட்டு வந்தாங்க. வர்ஜீனியாவுல ஃபோர்ட் மன்றோ வேலை 1819-ல ஆரம்பிச்சுது. ஆனா கோட்டை கட்டி முடிய பல வருஷம் ஆகும், போர் அதுவரைக்கும் காத்திருக்காதே.

---

தெற்குவாசல்:

கணக்குப்பிள்ளை அண்ணா சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும், இதை யாரும் பேச மாட்டேங்கிறாங்க. 1820-ல அந்த நாட்டுல 15 லட்சத்துக்கு மேல மனுஷங்க அடிமைகளா இருந்தாங்க. 1814-ல பிரிட்டிஷ்காரன் எங்க கப்பலுக்கு வந்தா விடுதலைன்னு சொன்னதும் செசபீக் வளைகுடா பக்கமெல்லாம் குடும்பம் குடும்பமா தோணியில தப்பிச்சுப் போனாங்க, சிலர் பிரிட்டிஷ் சிவப்புக் கோட்டு போட்டுத் திரும்பி வந்து சண்டையும் போட்டாங்க. ஒரு நாட்டுக்கு இதை விடப் பெரிய பலவீனம் என்ன இருக்க முடியும், தன் மண்ணுல இருக்கிறவங்களே எதிரி கப்பலை விடுதலைன்னு பார்க்கிறாங்க. ஆனா பிரான்ஸ் அந்த மாதிரி அழைச்சிருக்குமான்னு எனக்குச் சந்தேகம், தன் காலனித் தீவுகளான மார்டினிக், குவாடலூப்ல அவனே 1848 வரைக்கும் அடிமை வைச்சிருந்தான்.

இன்னொரு பக்கமும் பாருங்க. பிரான்ஸ் 1801 கடைசியில இதே கடல் தாண்டி ஹெய்ட்டியைத் திரும்பப் பிடிக்க லெக்லெர்க் தலைமையில பெரும்படை அனுப்புச்சு. மஞ்சள் காய்ச்சல்ல படையில பெரும்பகுதி போச்சு, லெக்லெர்க்கே செத்துட்டாரு. மிச்சத்தை ஹெய்ட்டி மக்கள் முடிச்சு வைச்சு 1804 ஜனவரி 1 விடுதலை அறிவிச்சாங்க. கோடையில நியூ ஆர்லியன்ஸ்ல இறங்குற எந்தப் படைக்கும் அதே காய்ச்சல் காத்திருந்திருக்கும்.

அதனால என் முடிவு, அமெரிக்காவைப் பிடிக்கிறது நடக்கவே நடக்காது. விடுதலைப் போர்லயே பிரிட்டிஷ்காரன் நியூயார்க்கையும் ஃபிலடெல்ஃபியாவையும் பிடிச்சு உட்கார்ந்தான், நாடு அடங்கிச்சா? அடிச்சா உடனே விழறதுக்கு அங்க ஒரே தலைநகர் இல்ல, ஊர் ஊரா பரந்து கிடக்கு.



---

பழையவரைபடம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்போ தன் கரையைக் காப்பாத்தியிருக்கும்னு வைச்சுக்கலாம். ஆனா மன்றோ சொன்னது தன் கரையைப் பத்தி மட்டும் இல்லையே, கொலம்பியாவையோ பெருவையோ காப்பாத்தக் கப்பல் அனுப்ப முடிஞ்சிருக்குமா?

---

உப்புக்காற்று:

முடிஞ்சிருக்காது, அவங்களுக்கே தெரியும். 1824-ல கொலம்பியா நேராவே கேட்டுச்சு, ஐரோப்பா வந்தா எங்களோட கூட்டணியா நிப்பீங்களான்னு. ஆடம்ஸ் பிடி குடுக்காம பதில் எழுதி ஒதுங்கிட்டாரு. எனக்குப் பிடிச்ச அதே ஆடம்ஸ்தான், அது எனக்கு வருத்தம்தான். 1838-ல பிரான்ஸ் கடன் பாக்கின்னு சொல்லி மெக்ஸிகோவோட வெராகுரூஸ் கோட்டையைச் சுட்டப்பவும் அமெரிக்கக் கப்பல் குறுக்க வரல.

காப்பாத்தினது அந்தந்த நாட்டுக்காரங்களேதான். பெருவுல 1824 டிசம்பர் 9, அயகுச்சோவுல விடுதலைப் படைத் தளபதி சுக்ரே ஸ்பெயின் படையை ஜெயிச்சாரு, அங்க ஒரு அமெரிக்க சிப்பாய் படையும் இல்ல. 1829-ல ஸ்பெயின் நிஜமாவே திரும்ப வந்துச்சு தெரியுமா, கியூபாவுல இருந்து பர்ராதாஸ்ங்கிறவர் சில ஆயிரம் பேரோட மெக்ஸிகோ டாம்பிகோ பக்கம் இறங்கினாரு. ஜனங்க வரவேற்பாங்கன்னு நினைச்சு வந்தாங்க, யாரும் வரல, காய்ச்சல்தான் வந்துச்சு. செப்டம்பர்ல மெக்ஸிகோ தளபதி சாந்தா அன்னாகிட்ட சரணடைஞ்சு, ஆயுதத்தை வைச்சிட்டுக் கப்பல் ஏறினாங்க. மெக்ஸிகோவுக்கு அப்போ விடுதலை கிடைச்சு எட்டு வருஷம்.