சென்னையில் ஒரே நாள்: எழும்பூர் அருங்காட்சியகத்தில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கெடிலக்கரை

வணக்கம். நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பம். இந்த விடுமுறையில் ஒரு நாள் சென்னை போய் எழும்பூர் அருங்காட்சியகம் பார்க்கலாம் என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. பெண் ஏழாம் வகுப்பு, பையன் மூன்றாம் வகுப்பு. மாமனாரும் கூட வருகிறார், 71 வயது, முழங்கால் வலி உண்டு, ஆனால் கோயில் சிலை என்றால் வலியை மறந்து நிற்கிற மனிதர்.

நான் பள்ளியில் படிக்கும்போது சுற்றுலாவில் ஒரு முறை போயிருக்கிறேன். வரிசையாக ஒரு வாசலில் நுழைத்து மறு வாசலில் வெளியே விட்டார்கள், இன்று நினைவில் இருப்பது திமிங்கல எலும்புக்கூடு மட்டும்தான். என் பிள்ளைகளுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் இங்கே கேட்கிறேன்.

எழும்பூர் மட்டும் போதுமா, செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தையும் அதே நாளில் சேர்த்துக்கொள்ளலாமா? எங்கிருந்து தொடங்குவது? மாமனாரால் சுற்ற முடியுமா? வருகிற வெள்ளிக்கிழமை காலை கிளம்பலாம் என்று நினைக்கிறோம்.

புலியூர் ரயிலடி

அக்கா, முதலில் நாளை மாற்றுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, கோட்டை அருங்காட்சியகமும் வெள்ளிக்கிழமை திறக்காது. போன வருடம் அண்ணன் குடும்பத்தோடு இதே மாதிரி ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பூட்டிய கேட் முன்னால் நின்றோம், பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. செவ்வாய், புதன் போனால் கூட்டமும் குறைவாக இருக்கும்.

திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறுவதுதான் பெரியவருக்கு வசதி. டிக்கெட் போடும்போது அந்த வண்டி எழும்பூர் வரை போகிறதா, தாம்பரத்தோடு நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தாம்பரம் என்றால் அங்கேயே மின்சார ரயில் பிடித்து எழும்பூரில் இறங்கலாம். ஸ்டேஷனில் இருந்து பாந்தியன் சாலை நடக்கிற தூரம்தான், ஆனால் முழங்கால் வலிக்காரரை அங்கேயே நடக்க வைத்துவிட்டால் உள்ளே போனதும் உட்கார இடம் தேடுவார், ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள். வளாகமே சுமார் 16 ஏக்கர், ஆறு கட்டிடம், 46 கூடம் என்று கணக்கு. எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் நீங்கள் பள்ளியில் பார்த்த மாதிரிதான் ஆகும். கோட்டையை இந்த முறை விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து.

பலாத்தோப்பு

பண்ருட்டிக்காரன், வேலைக்காகச் சென்னை வந்து 12 வருடம் ஆகிறது. எழும்பூருக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது போய்விடுவேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேராக வெண்கலக் கூடத்துக்குப் போங்கள். அது தனிக் கட்டிடம், மாடிப்படி உண்டு, காலையில் கால் தெம்பாக இருக்கும்போதே மாமனாரை அங்கே கூட்டிப்போய்விடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

இந்தச் சாமிகளையெல்லாம் கோயிலிலிருந்து தூக்கி வந்து கண்ணாடிக்குள் வைத்துவிட்டார்கள் என்று வருத்தப்படுகிற பெரியவர்களை அங்கே அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் மாமனாருக்கும் அப்படித் தோன்றலாம், முன்னாடியே சொல்லிவிடுங்கள். நிறையச் சிலைகள் மண்ணுக்கடியில் கிடைத்தவை. படை வருகிறது என்று பயம் வந்த காலத்தில் சாமியைக் காப்பாற்ற ஊர்க்காரர்களே குழி தோண்டிப் புதைத்திருக்கிறார்கள். புதைத்தவர்கள் போய்விட்டார்கள், இடமும் மறந்துபோயிற்று. எத்தனையோ தலைமுறை கழித்து யாரோ வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது மண்வெட்டியில் ணங் என்று தட்டியிருக்கிறது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அதை ஆட்சியரிடம் ஒப்படைக்க வேண்டும், அந்த வழியாகத்தான் பலவும் எழும்பூருக்கு வந்தன. என் அம்மாவிடம் இதைச் சொன்ன பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கும்பிட்டார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அங்கே திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார். சிதம்பரம் நம் மாவட்டம், நடராஜரைப் பார்க்காத பிள்ளை இங்கே கிடையாது, ஆனால் கோயிலில் அலங்காரத்துக்கும் மாலைக்கும் நடுவில் முகமும் தூக்கிய திருவடியும்தான் தெரியும். இங்கே முழு உடம்பும் தெரிகிறது. சுற்றியிருக்க வேண்டிய திருவாசி இல்லை, பறக்கிற சடையும் இல்லை, அவை இல்லாததாலேயே இடுப்பு எப்படித் திரும்பியிருக்கிறது, முழு எடையும் அந்த ஒற்றைக் காலில் எப்படி இறங்குகிறது என்பதெல்லாம் நன்றாகப் பிடிபடுகிறது. ரொதான் என்ற பிரெஞ்சுச் சிற்பி இந்தச் சிலையை நேரில் பார்த்ததே இல்லை, கையில் கிடைத்த புகைப்படங்களை வைத்துக்கொண்டே 1913இல் ஒரு கட்டுரை எழுதினார், அது 1921இல் அச்சில் வந்தது. நமக்கு மூன்று நான்கு மணி நேரப் பயணம்தான்.

பிறகு திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். கொள்ளிடம் தாண்டிச் சீர்காழிப் பக்கம் இருக்கிற ஊர்தான். பையனிடம் கைகளை எண்ணச் சொல்லுங்கள். வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு, இடப்பக்கம் உமைக்கு ஒன்று, மொத்தம் மூன்று. எண்ணி முடித்ததும் ஏன் என்று கேட்பான், அப்போதுதான் உண்மையில் பார்க்க ஆரம்பிப்பான். நாகப்பட்டினத்தில் 1856 முதல் 1930கள் வரை சுமார் 350 புத்த வெண்கலங்கள் கிடைத்தன, அவற்றில் பலவும் இங்கேதான் இருக்கின்றன, தலை உச்சியில் சுடர் இருக்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

பெண்ணுக்குச் செய்முறையையும் சொல்லிக் கூட்டிப்போங்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து முதலில் மெழுகிலேயே முழுச் சிலையையும் செய்து, மேலே வண்டல் மண் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியே எடுத்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். அதனால் ஒரு அச்சுக்கு ஒரே சிலை, இன்னொன்று அதே மாதிரி வராது. சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான் வார்க்கிறார்கள்.

வெண்கலக் கூடத்துக்கே ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அப்புறம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு முன் கட்டிடத்தில் அமராவதிச் சிற்பங்கள் மட்டும் பாருங்கள். ஆந்திராவின் அமராவதியில் இருந்த புத்த ஸ்தூபத்தின் பலகைகள், சுண்ணாம்புக்கல்லில் செதுக்கியவை. கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் 1845இல் தோண்டியெடுத்துச் சென்னைக்குக் கொண்டுவந்ததில் ஒரு பெரும் பகுதி 1859இல் கப்பலேறி லண்டன் போய்விட்டது. ஒரே ஸ்தூபம் இரண்டு ஊரில் கிடக்கிறது என்பது எனக்கு இன்றும் மனசு ஆறாத விஷயம். திமிங்கலத்தைக் கடைசியில் காட்டுங்கள், பையன் அதற்காகவே காத்திருப்பான்.

கெடிலக்கரை

தம்பி புலியூர், வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொல்லிப் பெரிய உதவி செய்தீர்கள். பலாத்தோப்பு சார், நீங்கள் எழுதியதை மாமனாருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன், இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார்.

பெண்ணுக்குப் பாடத்தில் அரிக்கமேடு வந்திருக்கிறது, அந்தப் பொருள்கள் எழும்பூரில் இருக்குமா என்று கேட்கிறாள்.

முத்தியால்பேட்டை டீச்சர்

அரிக்கமேட்டுக்காகச் சென்னை போக வேண்டாம்மா, அது உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் வரும்போது அரியாங்குப்பம் தாண்டுகிறீர்கள் இல்லையா, அங்கே உள்ளே திரும்பி ஆற்றங்கரைக்குப் போனால் அதுதான் இடம். மேட்டில் இப்போது பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, மரங்களும் பழைய சுவர்களும்தான். பொருள்களைப் பார்க்கப் புதுச்சேரி அருங்காட்சியகம் வாருங்கள், பாரதி பூங்காவுக்குப் பக்கத்தில் செயின்ட் லூயி தெரு. இங்கே திங்கட்கிழமை விடுமுறை, மதியம் சாப்பாட்டு நேரத்திலும் மூடுவார்கள், அதனால் காலையிலேயே வந்துவிடுங்கள். ரோமானிய மது ஜாடிகளின் துண்டுகள், மணிகள், பானை ஓடுகள், சோழர் வெண்கலங்கள், பிரெஞ்சுக்காரர் காலத்துப் பல்லக்கு எல்லாம் ஒரே கட்டிடத்தில் இருக்கின்றன, பெரியவருக்கும் அலைச்சல் இல்லை.

ஆனால் எழும்பூருக்கும் அரிக்கமேட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு, இதை என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சொல்வேன். 1944இல் தொல்லியல் துறைத் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்தைப் பார்வையிடும்போது, ஒரு அலமாரிக்குள் மண் ஜாடி ஒன்றின் உடைந்த கழுத்தும் கைப்பிடியும் கிடப்பதைப் பார்க்கிறார். மத்தியதரைக் கடல் நாடுகளில் மது ஊற்றி வைத்த ஜாடி அது. எங்கே கிடைத்தது என்று கேட்டால் புதுச்சேரிப் பக்கம் என்கிறார்கள். உடனே இங்கே கிளம்பி வருகிறார். மறு வருடம், 1945இல், அரிக்கமேட்டில் தோண்டினார். இத்தாலியில் செய்த சிவப்புப் பளபளப்பு ஓடுகள் கிடைத்தன. அந்த ஓடு எந்தக் காலத்தது என்று ரோமில் ஏற்கெனவே தெரியும், அதனால் அதே மண்ணடுக்கில் கிடைத்த நம் ஊர்ப் பானைகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. அதற்கு முன்பு தென்னிந்தியத் தொல்லியலில் காலத்தைக் கணக்கிட இப்படி ஒரு உறுதியான பிடி இருந்ததில்லை. வீலருக்கு முன்பே இங்கே இருந்த ழுவோ துப்ராய் என்ற பிரெஞ்சுக்காரர் அந்த இடத்தின் அருமையைக் கண்டுகொண்டுவிட்டார் என்பதையும் பெண்ணுக்குச் சொல்லுங்கள், பாதிப் பேர் அவரை விட்டுவிடுகிறார்கள்.

முதலில் புதுச்சேரி, அப்புறம் சென்னை. பக்கத்து ஊர் மண்ணில் கிடைத்ததைப் பார்த்துவிட்டுப் போகிற பிள்ளை எழும்பூரில் வேறு மாதிரி பார்க்கும்.

தேவனாம்பட்டினம் சங்கு

கோட்டையை விட்டுவிடுங்கள் என்று புலியூர் தம்பி சொன்னதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒரே நாளில் வேண்டாம், அது சரி. ஆனால் கடலூர்க்காரர்களுக்கு அங்கே வேலை இருக்கிறது.

எங்கள் ஊரில் கெடிலம் கடலில் சேருகிற இடத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டையை 1690இல் ஆங்கிலக் கம்பெனி மராத்தியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, நாலா பக்கமும் குண்டு எட்டிய தூரத்துக்குள் இருந்த கிராமங்களையும் சேர்த்து வாங்கினார்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும் கம்பெனியின் தலைமையிடம் கடலூருக்கு மாறியது, 1752 வரை இங்கிருந்துதான் நடத்தினார்கள். அந்த ஆறு வருடம் சென்னைக்கே நாம்தான் தலைமை. 1758இல் பிரெஞ்சுப் படை கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளியது. இன்று எங்கள் பிள்ளைகள் இடிந்த சுவருக்குப் பக்கத்தில் கிரிக்கெட் விளையாடுகிறார்கள், அது என்னவென்று சொல்ல ஒரு பலகை கூட அவர்கள் கண்ணில் பட்டதில்லை. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

சென்னைக் கோட்டை அருங்காட்சியகம் 1948இல் திறந்தது, கட்டிடம் 1795ஆம் ஆண்டுது. அந்தக் காலத்து ஆயுதங்கள், நாணயங்கள், ஆளுநர்களின் ஓவியங்கள் இருக்கின்றன. 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடியும் அங்கேதான். வளாகத்துக்குள் தலைமைச் செயலகம் இருப்பதால் சோதனை உண்டு, அடையாள அட்டை எடுத்துப் போங்கள். அடுத்த விடுமுறைக்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

புலியூர் ரயிலடி

அண்ணே, 1746 கதை எனக்குத் தெரியாது. இங்கேயே பிறந்து வளர்ந்தவன் நான். கோட்டை வேண்டாம் என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

கெடிலக்கரை

முடிவு பண்ணிவிட்டோம். இந்தச் சனிக்கிழமை புதுச்சேரி, போகிற வழியில் அரிக்கமேட்டில் அரை மணி நேரம். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை எழும்பூர், வெண்கலக் கூடமும் அமராவதியும் திமிங்கலமும் மட்டும். கோட்டை கோடை விடுமுறைக்கு. அதற்கு முன்னால் தேவனாம்பட்டினத்துக்கு ஒரு மாலை கூட்டிப்போய் அந்தச் சுவரைக் காட்டிவிடுகிறேன்.

பெண் ஒரு நோட்டில் கேள்வி எழுத ஆரம்பித்துவிட்டாள். முதல் கேள்வி, வீலர் திறந்த அந்த அலமாரி எந்த அறையில் இருந்தது என்பது.

முத்தியால்பேட்டை டீச்சர்

அதை எழும்பூரில் இருக்கிற காப்பாட்சியரிடமே கேட்கச் சொல்லுங்கள், நோட்டோடு. சனிக்கிழமை பதினோரு மணிக்கு நான் செயின்ட் லூயி தெருவில் இருப்பேன்.