அப்பாவின் பழைய 5.1 அம்ப்பைக் கணினியில் பொருத்த: ஒப்டிகலா, மூன்று வயரா?

உவர்மலைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். நான் திருகோணமலை, உவர்மலையில் இருக்கிறேன். என் அப்பா ஒலிபெருக்கி சேவை நடத்தியவர். கோயில் திருவிழா, கலியாண வீடு எதுவானாலும் வயரைத் தோளில் போட்டுக்கொண்டு மரத்தில் ஏறிக் குழாய் கட்டியவர். இப்போது வலது காது கேட்பதே இல்லை, இடது காது பாதிதான். பகலில் ஹோலில் இருக்கும் கணினியில் பழைய படம் பார்ப்பார். அந்தச் சத்தமாவது அவருக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கட்டாரில் இருந்த அண்ணா கொண்டுவந்த அம்ப் (சத்தத்தைப் பெருக்கிப் பெட்டிகளுக்குக் கொடுக்கும் கருவி) ஒன்று இருக்கிறது. ஐந்து சின்னப் பெட்டி, அடித்தொனிக்கு ஒரு சப்வூஃபர், அதுதான் 5.1. டிவிடி பிளேயர் செத்த பிறகு பழைய சீலையால் மூடி அலுமாரிக்கு மேல் வைத்திருந்தோம். போன கிழமை இறக்கினேன். அதன் முதுகில் ஒப்டிகல் துளை (சத்தம் வெளிச்சமாக வரும் டிஜிட்டல் வழி) ஒன்றும், 5.1 இன்புட் என்று ஆறு ஆர்சிஏ துளைகளும் (பெட்டிக்கு ஒன்றாகச் சாதாரண ஓடியோ பிளக் செருகுபவை) இருக்கின்றன. கணினியின் பின்னால் பச்சை, கறுப்பு, செம்மஞ்சள், நீலம், இளஞ்சிவப்பு ஓட்டைகளும் ஓர் ஒப்டிகலும் உண்டு.

முதலில் பச்சையிலிருந்து முன்பெட்டி இரண்டுக்கும் வயர் கொடுத்து, விண்டோஸில் 5.1 என்று தெரிவு செய்தேன். தம்பி இறக்கி வைத்திருந்த புதுப்படம் ஒன்றைப் போட்டோம். பாட்டு நன்றாக வருகிறது, ஆட்கள் கதைப்பது மட்டும் கிணற்றுக்குள் இருந்து கேட்பது மாதிரி. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எல்லாரும் வாயசைக்கிறாங்க, கதையைக் காணல்ல பிள்ள" என்று எழும்பிப் போய்விட்டார். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. இதைவிட, 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சலும் ஓயாமல் இருக்கிறது.

பிறகு ஒப்டிகல் வயர் வாங்கினேன். அதைப் போட்டால் ஐந்து பெட்டியும் பாடும் என்றார் கடைக்காரர். இரைச்சல் நின்றது, ஆனால் முன்பெட்டி இரண்டு மட்டும்தான் பாடுகின்றன. தம்பிக்கு கேம் விளையாடவும் இது வேண்டுமாம். எதை வைத்திருப்பது?

பாலையூற்று வயர்மேன்:

தங்கச்சி, முதலில் அப்பாவின் "கதையைக் காணல்ல" விஷயம். 5.1 படத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனிச் சத்தம், அதாவது தனிச் சனல் உண்டு. ஆட்கள் கதைப்பது அநேகமாக நடுப்பெட்டிக்கு உரிய சனலில்தான் வரும். ஆறு பெட்டியும் இருக்கிறது என்று விண்டோஸுக்குச் சொல்லிவிட்டீர்கள். அதுவும் நம்பி, கதையைச் செம்மஞ்சள் ஓட்டைக்கு அனுப்புகிறது. அங்கே வயர் இல்லை. இதற்கு அம்ப்போ அப்பாவின் காதோ காரணமில்லை, இதை அவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

மூன்று வயரும் கொடுத்தால் அது சரியாகும். பச்சை முன்பெட்டிகளுக்கு, கறுப்பு பின்பெட்டிகளுக்கு, செம்மஞ்சள் நடுவுக்கும் சப்வூஃபருக்கும். செம்மஞ்சளில் மட்டும் கவனம்: சில கணினிகளில் நடுவும் சப்பும் இடம் மாறி வரும். அப்படியென்றால் தலையணையால் வாயைப் பொத்திக்கொண்டு கதைப்பது போலச் சப்வூஃபருக்குள் இருந்து குரல் வரும். பயப்பட வேண்டாம், அந்த இரண்டு ஆர்சிஏ பிளக்கையும் மாற்றிச் செருகினால் போதும். சின்னப் பெட்டிகள் அதிர்ந்து கரகரத்தால், விண்டோஸ் ஸ்பீக்கர் அமைப்பில் ஃபுல் ரேஞ்ச் என்ற இடத்தில் இருக்கும் சரி அடையாளங்களை எடுத்துவிடுங்கள். அநேகமான அம்ப்கள் இந்த ஆறு துளையில் வருவதை அப்படியே பெருக்கித்தான் கொடுக்கும், பேஸை, அதாவது அடித்தொனியை, பிரித்துச் சப்வூஃபருக்கு அனுப்பாது.

இனி ஒப்டிகல். அந்த வயரில் சுருக்காத சத்தம் இரண்டு சனல்தான் போகும். ஐந்தும் பாட வேண்டுமென்றால் டொல்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் என்று சுருக்கிக் கட்டிய பொதியாகப் போக வேண்டும். படத்தில் அந்தப் பொதி இருந்தால், படம் ஓட்டும் வி.எல்.சி. மென்பொருளில் டூல்ஸ், பிரிஃபரன்சஸ், ஓடியோ என்று போய், பொதியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பும் பாஸ்த்ரூவை இயக்குங்கள். பொதியை அம்ப் பிரித்துக்கொள்ளும். அப்போது கணினியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது, அம்ப்பின் ரிமோட்தான். கேம் அந்த நேரத்திலேயே உருவாகும் சத்தம், அதற்குப் பொதி கிடையாது. டொல்பி டிஜிட்டல் லைவ் போன்ற, உடனுக்குடன் பொதி கட்டும் வசதி உள்ள சவுண்ட் கார்ட் இருந்தால்தான் கட்டி அனுப்பும். தம்பிக்கு மூன்று வயர்தான் வழி.

ஆனால் அப்பா என்ன படம் பார்க்கிறார் என்பதுதான் இங்கே முக்கியம். கறுப்பு வெள்ளைக் காலத்துப் படமா?

உவர்மலைக்காரி:

ஆமாம் அண்ணா, பெரும்பாலும் 60களில் வந்த படங்கள். யூடியூப்பில்தான் பார்ப்பார்.

பாலையூற்று வயர்மேன்:

அப்படியென்றால் அவருக்கு ஒப்டிகலே போதும். அந்தப் படங்கள் ஒற்றைச் சனல், இடமும் வலமும் ஒரே சத்தம். அம்ப்பில் புரோ லொஜிக் 2 (இரண்டு சனல் சத்தத்தை எல்லாப் பெட்டிக்கும் பிரிக்கும் முறை) இருக்கிறதா பாருங்கள், அநேகமாகச் சரவுண்ட் பொத்தானை அமத்த அமத்த வரும். இரண்டு பக்கமும் ஒன்றாக வருவதை அது நடுப்பெட்டிக்குத் தள்ளும். குரல் முழுக்க ஒரே பெட்டியில்! அந்தப் பெட்டியைத் திரைக்குக் கீழேதான் வைக்க வேண்டும் என்று சட்டமில்லை. வயரை நீட்டி அவருடைய இடது காதுப் பக்கம் கதிரைக்குக் கிட்ட வையுங்கள். அம்ப் அமைப்பில் நடுச் சனலை இரண்டு மூன்று டெசிபல் கூட்டியும் விடலாம்.

கிண்ணியாவிலிருந்து:

இரைச்சல் பற்றி, சகோதரி. ஒப்டிகலில் வெளிச்சம்தான் போகிறது, செம்புக் கம்பி இல்லை. அதில் நின்றுவிட்டது என்றால் உங்கள் இரைச்சல் அநேகமாக எர்த் வழியாகச் சுற்றி வரும், மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல். மூன்று வயரையும் போட்டு இரைய விட்டு, அம்ப்புக்கோ கணினிக்கோ வரும் அன்டெனா வயரைக் கழற்றிப் பாருங்கள். கணினியையும் அம்ப்பையும் ஒரே பிளக் பேசில் போடுங்கள். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் எவர் சொன்னாலும் வெட்ட வேண்டாம், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

அதோடு நம் ஊர் உப்புக் காற்று. கரண்டை நிறுத்திவிட்டு ஆர்சிஏ துளைகளைப் பாருங்கள், பச்சைப் பூஞ்சணம் போல ஏறியிருக்கும். ஐசோபுரோபைல் அல்ககோலில் பஞ்சை நனைத்துத் துடைத்து, பிளக்கைச் செருகி நாலு முறை திருகி எடுங்கள்.

உவர்மலைக்காரி:

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். அன்டெனா வயரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றது. துளைகளில் பச்சை ஏறித்தான் இருந்தது. செம்மஞ்சளில் நீங்கள் சொன்னபடியே சப்வூஃபர் கதைத்தது, மாற்றிச் செருகினேன். இப்போது இரண்டு வழியும் பொருத்தியபடியே இருக்கின்றன. தம்பி கேம் விளையாடும்போது விண்டோஸில் ஸ்பீக்கர், அப்பாவுக்கு ஒப்டிகல், அம்ப்பில் ஓர் இன்புட் மாற்றம், அவ்வளவுதான்.

நடுப்பெட்டி கதிரையின் இடப்பக்கம் ஸ்டூலில் இருக்கிறது. அப்பா நேற்று ஒரு படத்தை முழுக்க இருந்து பார்த்தார். முடிந்ததும் முன்பெட்டி இரண்டிலும் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "இதில ஒண்டு மாறிக் கிடக்கு பிள்ள, டோர்ச் பட்டறி ஒண்டு கொண்டா" என்றார். அம்ப்பை நிறுத்தி வயர்களைக் கழற்றி, 1.5 வோல்ட் பட்டறியை முனையில் ஒரு கணம் தொட்டார். வலது பெட்டியின் கூம்பு வெளியே துள்ளியது, இடதில் உள்ளே போனது. நான்தான் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிப் பூட்டியிருந்தேன். மாற்றிய பிறகு பேஸ் நிறைந்து வருகிறது. இப்போது பின்பெட்டிகளையும் கழற்றச் சொல்லிப் பட்டறியோடு இருக்கிறார்.