சின்ன டோக்கமாக்கில் பெரிய பவர்: எங்கே இடிக்கிறது?

மூன்றாம்வருடம்_மெக் (சேலம்)
செமினாருக்கு டோக்கமாக்கை, அதாவது பிளாஸ்மாவை (மின்னூட்டம் பெற்ற சூடான வாயு) காந்தத்தால் வளையமாகப் பிடித்து வைக்கும் அணுக்கரு இணைவு உலையை, எடுத்துவிட்டு முழிக்கிறேன். பிரான்ஸில் கட்டிக்கொண்டிருக்கும் ஈட்டர் (ITER) டோக்கமாக்கில் பிளாஸ்மா மட்டுமே 840 கன மீட்டர். 50 மெகாவாட் சூடு கொடுத்து 500 மெகாவாட் எடுப்பது இலக்கு. அமெரிக்காவின் ஸ்பார்க் (SPARC) டோக்கமாக்கில் பிளாஸ்மா ஏறக்குறைய 20 கன மீட்டர்தான், அதில் 140 மெகாவாட் வரை வரும் என்கிறார்கள். நாற்பதில் ஒரு பங்கு இடத்தில் கால் பங்குக்கு மேல் பவர்! அப்படியென்றால் ஈட்டரை ஏன் இவ்வளவு பெரிதாகக் கட்ட வேண்டும்? எங்கள் சாரிடம் கேட்டால், "பெரிசா இருந்தா சூடு சீக்கிரம் வெளியே போகாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

டெஸ்லா_பைத்தியம்
சார் சொன்னது தப்பில்லை தம்பி, பாதிதான் சொன்னார். மீதிப் பாதி காந்தம். பிளாஸ்மா அழுத்தத்துக்கும் காந்த அழுத்தத்துக்கும் உள்ள விகிதம் மாறாது என்று வைத்துக்கொண்டால், ஒரு கன மீட்டரில் கிடைக்கும் பவர் காந்தப்புலத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். ஈட்டரில் காந்தப்புலம் 5.3 டெஸ்லா, ஸ்பார்க்கில் 12.2. அதாவது 2.3 மடங்கு, கால்குலேட்டரில் நான்காம் அடுக்கு போட்டுப் பார், 28 வரும். இடம் குறைந்ததை இதுதான் ஈடுகட்டுகிறது.

ஈட்டரை வடிவமைத்த காலத்தில் கையில் இருந்தது நையோபியம்-தகரம் மீக்கடத்திக் கம்பி (கடுங்குளிரில் மின்தடையே இல்லாதது). 4 கெல்வின் குளிரில் வைக்க வேண்டும், புலம் ஏற ஏற அதன் மீக்கடத்தல் நொண்டும். ரெப்கோ (REBCO) என்ற புதுவகை மீக்கடத்தி நாடா தேவையான நீளத்தில் விலைக்குக் கிடைத்தது பிற்பாடுதான், அதைச் சுற்றித்தான் 2021 செப்டம்பரில் 20 டெஸ்லா காந்தத்தை ஸ்பார்க் ஆட்கள் ஓட்டிக் காட்டினார்கள். அதுவும் சும்மா வந்துவிடாது, 20 டெஸ்லாவில் காந்த அழுத்தமே கிட்டத்தட்ட 1,600 வளிமண்டலம், காந்தம் தன்னைத் தானே பிய்த்துக்கொள்ளாமல் எஃகு பிடித்து நிறுத்த வேண்டும்.

லைனிங்காரர்
எனக்கு பிளாஸ்மா எல்லாம் தெரியாது தம்பி. வெள்ளிப் பட்டறைக்கும் ஃபவுண்டரிக்கும் ஃபர்னஸ் லைனிங் அடிக்கிறவன். நம்மூர் வெள்ளைக்கல்லைச் சுட்டு மேக்னசைட் செங்கலாக்கி உருக்கு உலைக்கு அனுப்புவது ஊருக்கே தெரியும். என் அனுபவத்தில், ஃபர்னஸ் சின்னதாகிவிட்டது என்பதற்காக லைனிங்கை மெலிதாக்க முடியாது, மெலிந்தால் வெளியே சுற்றியிருக்கும் கரண்ட் காயில் (சுருள்) கெட்டுப்போய்விடும். சின்ன ஃபர்னஸில் ஆர்டர் அவசரம் என்று கரண்ட்டை ஏற்றி அடித்தால் லைனிங் பாதி நாள்கூட வராது, போன தீபாவளிக்கு ஒரு பார்ட்டி அப்படித்தான் செய்துவிட்டு என்மேல் பழி போட்டார். சரி, உங்கள் உலையில் சுவர் கதி என்ன?

டெஸ்லா_பைத்தியம்
அண்ணா, கையைச் சரியான இடத்தில் வைத்துவிட்டீர்கள். இந்த உலைக்கு எரிபொருளான டியூட்டீரியம்-டிரிட்டியம் (கன ஹைட்ரஜன் வகைகள்) எரிந்தால் வரும் ஆற்றலில் 80 சதவீதத்தை நியூட்ரான் கொண்டுபோகிறது. அதற்கு மின்னூட்டம் இல்லை, எந்தக் காந்தமும் பிடிக்காது, நேரே சுவரில் போய் அடிக்கும். டிரிட்டியத்தை உற்பத்தி செய்ய லித்தியம் போர்வை வேண்டும், காந்தத்தைக் காப்பாற்றக் கவசம் வேண்டும், இரண்டும் சேர்ந்தால் ஒரு மீட்டர் அளவுக்கு வந்துவிடும். உலை சின்னது என்று அந்தக் கனம் இறங்கி வராது, உங்கள் லைனிங் மாதிரியேதான்.

ஸ்பார்க் தப்பித்தது எப்படி? ஒரு தடவைக்குப் பத்து விநாடிதான் முழுப் பவரில் ஓடும், அந்தப் போர்வையே அதில் கிடையாது. அதனால்தான் பிளாஸ்மா வளையத்தின் ஆரம் 1.85 மீட்டரில் அடங்குகிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆட்கள் 2015-ல் மின்நிலையமாகப் போட்ட ஆர்க் வடிவமைப்பைப் பார்: 3.3 மீட்டர், 9.2 டெஸ்லா, 525 மெகாவாட். ஈட்டரின் 6.2 மீட்டருக்கு இது சின்னதுதான், ஆனால் ஸ்பார்க்கைவிடப் பெரிது. புலமும் ஸ்பார்க்கைவிடக் குறைவு. உள்ளே இருக்கும் கலத்தைக் கழற்றி மாற்றும்படியே வரைந்திருக்கிறார்கள், அண்ணன் தொழில்!

ஏற்காடு_காபி
இதைப் படித்ததும் என் கனவு போச்சு. காற்றடித்தால் எங்கள் எஸ்டேட்டில் இரண்டு நாள் கரண்ட் வராது. லாரியில் ஏற்றுகிற அளவில் 100 மெகாவாட் என்று 2014-ல் லாக்ஹீட் மார்ட்டின் அறிவித்தபோது, இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி ஒன்று மேலே வந்துவிடாதா என்று நினைத்தேன்.

டெஸ்லா_பைத்தியம்
லாரி ஏறினாலும் தண்ணீருக்கு எங்கே போவீர்கள்? வரும் வெப்பத்தில் பாதிக்கு மேல் மின்சாரமாகாமல் வெளியே தள்ள வேண்டியதுதான். மேட்டூர் அனல் நிலையம் காவிரிக்கரையில் உட்கார்ந்திருப்பது அழகுக்காகவா? ஏற்காடு ஏரி பாவம், படகு விடுவதோடு இருக்கட்டும்.

மூன்றாம்வருடம்_மெக்
எல்லாருக்கும் நன்றி. முதல் ஸ்லைடிலேயே தேய்ந்த லைனிங் படம் போடலாம் என்று இருக்கிறேன். லைனிங் அண்ணா, ஒரு போட்டோ கிடைக்குமா?

லைனிங்காரர்
போட்டோ எதற்கு, நேரில் வா. வியாழக்கிழமை செவ்வாய்ப்பேட்டையில் பழசு ஒன்றை உடைக்கிறோம். செருப்போடு வராதே, ஷூ போட்டு வா.