காருக்குள் இருக்கும் ரியர்வியூ கண்ணாடிக்கு மோட்டார் வைத்தோம்: ஐடிலில் பிம்பம் நடுங்குகிறது, மெமரியில் இடம் மாறுகிறது. உதவி தேவை

மெக்கட்ரானிக்ஸ் மாணவன், கோவை

வணக்கம். உள் கண்ணாடியை மோட்டாரால் திருப்புவதுதான் எங்கள் இறுதியாண்டு ப்ராஜெக்ட். ஒரே காரை அப்பாவும் ஓட்டுவார், மகளும் ஓட்டுவார். ஆளுக்கொரு பட்டன், அழுத்தினால் அவரவர் கோணத்துக்குக் கண்ணாடி வந்து நிற்க வேண்டும்.

பழைய சாமான் கடையில் ஒரு வெளிக் கண்ணாடியைத் திருப்பும் மோட்டார் அமைப்பு (ஆக்சுவேட்டர்) கிடைத்தது. இரண்டு டிசி மோட்டார், வார்ம் கியர் (திருகு வடிவப் பல்சக்கரம்), தடை வந்தால் நழுவிவிடும் ஸ்லிப் கிளட்ச் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் செய்த கூட்டுக்குள் அதைப் பொருத்தி, காரில் இருந்த இரட்டைப் பந்து மூட்டுத் தண்டிலேயே மாட்டினோம். கன்ட்ரோலர் போர்டும் கூட்டுக்குள்தான். கோணத்தை அளக்க, 300 டிகிரி சுழலும் பொட்டென்ஷியோமீட்டர் என்ற, திருப்பினால் மின்தடை மாறும் சென்சாரைக் கண்ணாடித் தகட்டின் அச்சில் நேரடியாக இணைத்திருக்கிறோம்.

வண்டி நான்கு சிலிண்டர் பெட்ரோல். ஐடிலில் (வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது), நிமிடத்துக்கு 750 சுற்று (ஆர்பிஎம்) அளவில், பின்னால் நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடியாத அளவுக்குப் பிம்பம் நடுங்குகிறது. ஏசி போட்டால் ஐடில் 900-க்கு ஏறும், நடுக்கம் குறைந்துவிடும். மெமரி பட்டனை அழுத்தினால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கிறது. மதிய வெயிலில் நிறுத்திவிட்டு வந்து இயக்கினால் 'டக் டக்' என்று சத்தம் மட்டும் வருகிறது, கண்ணாடி திரும்புவதில்லை. மோட்டாருக்கு வலு போதவில்லையோ என்று நினைக்கிறோம். பெரிய மோட்டார் போடலாமா?

பழைய டிசைனர்

தம்பி, பெரிய மோட்டார் வேண்டவே வேண்டாம். நடுக்கம் இன்னும் மோசமாகும்.

ஏசி போட்டதும் நடுக்கம் குறைகிறது என்று எழுதினீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உதைக்கும். 750 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 25 உதை, 900 என்றால் 30. உங்கள் கண்ணாடித் தலையின் இயல்பு அதிர்வெண், அதாவது தட்டினால் அது தானாக ஆடும் வேகம், சரியாக 25 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 25 ஆட்டம்) பக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறது. உதையும் ஆட்டமும் ஒத்துப்போனால் நடுக்கம் பெருகும். ஏற்கெனவே இருந்த கண்ணாடி இலேசானது, அதனால் அதன் அதிர்வெண் ஐடிலுக்கு மேலேயே இருந்தது. நீங்கள் ஆக்சுவேட்டர், போர்டு எல்லாவற்றையும் தண்டின் நுனியில் தொங்கவிட்டதும் அது கீழே இறங்கிவிட்டது. சுழற்சி நிலைமம் (தலையைத் திருப்ப எவ்வளவு கடினம் என்ற அளவு) இரண்டு மடங்கானால் அதிர்வெண் சுமார் 0.7 மடங்காகக் குறையும்.

முதலில் போர்டைக் கழற்றிக் கூரை விளக்குப் பக்கம் கொண்டுபோங்கள். அப்புறம் இரட்டைப் பந்துத் தண்டுக்குப் பதில் குட்டையான ஒற்றைப் பந்துத் தண்டு போடுங்கள். ஒவ்வொரு பந்து மூட்டும் ஒரு தளர்ந்த ஸ்பிரிங் மாதிரி. கோணத்தை மோட்டார் பார்த்துக்கொள்ளும்போது இரண்டாவது மூட்டுக்கு வேலையே இல்லை. மோட்டார்களின் எடையும் முடிந்தவரை பந்துக்கு ஒட்டியே இருக்கட்டும், கூட்டின் ஓரங்களுக்குப் போகக் கூடாது.

அடுத்தது மெமரி. கண்ணாடி 1 டிகிரி திரும்பினால் பார்வை 2 டிகிரி திரும்பும். 60 மீட்டர் பின்னால் அது 2 மீட்டருக்கும் கூடுதலான நகர்வு. உங்கள் தகடு மொத்தம் 20 டிகிரிதான் அசையும் என்று வைப்போம். 300 டிகிரி பொட்டென்ஷியோமீட்டரை நேரடியாக மாட்டி 10 பிட்டில், அதாவது 1,024 படிகளாகப் பிரித்துப் படித்தால், அவற்றில் வெறும் 68 படிதான் உங்களுக்குப் பயன்படுகிறது. ஒரு படிக்குக் கிட்டத்தட்ட 0.3 டிகிரி. அதாவது ஒரே ஒரு படி தவறினாலும் 60 மீட்டரில் பார்வை 60 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். 10 மில்லிமீட்டர் ஓடும் நேர்கோட்டு வகை பொட்டென்ஷியோமீட்டரை, அச்சிலிருந்து 28 மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள். 20 டிகிரிக்கு அதன் முழு ஓட்டமும் பயன்படும், படி 0.02 டிகிரிக்கு வந்துவிடும்.

மிச்சம் இருப்பது கியர் ஆட்டம், அதாவது பற்களுக்கிடையே உள்ள தளர்வு. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் கடைசி நகர்வு ஒரே திசையில் முடியும்படி புரோகிராம் எழுதுங்கள். மேலிருந்து வந்தால் குறித்த இடத்தைச் சற்றுத் தாண்டி இறங்கி, பிறகு ஏறி நிற்கட்டும்.

ஆட்டோ எலக்ட்ரீசியன்

மூன்றாவது பிரச்சினைக்கு நான் சொல்கிறேன். அந்த 'டக் டக்' ஸ்லிப் கிளட்ச் நழுவும் சத்தம். மோட்டார் சுற்றுகிறது, தகடு எங்கேயோ பிடிக்கிறது. பிஎல்ஏ 60 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே இளகிவிடும். நம் ஊர் வெயிலில் நிறுத்திய காரின் முன்கண்ணாடியை ஒட்டி அந்தச் சூடு சாதாரணம். கூடு வளைந்து தகட்டின் ஓரத்தைக் கவ்வுகிறது. இன்னும் சூடு தாங்கும் ஏபிஎஸ் அல்லது ஏஎஸ்ஏ பிளாஸ்டிக்கில் பிரிண்ட் அடித்துப் பாருங்கள், சுற்றிலும் கொஞ்சம் இடைவெளியும் விடுங்கள்.

அந்தக் கிளட்ச்சை மட்டும் எடுத்துவிடாதீர்கள். உள் கண்ணாடியை எல்லோரும் கையால்தான் பிடித்துத் திருப்புவார்கள், பழக்கம் அது. கிளட்ச் இல்லாவிட்டால் முதல் நாளே கியர் பல் போய்விடும். கையால் திருப்பினாலும் கோணம் சரியாகத் தெரிய வேண்டுமென்றால் சென்சார் கிளட்ச்சுக்குப் பிறகு, தகட்டுப் பக்கம்தான் இருக்க வேண்டும். அதை நீங்கள் சரியாகவே செய்திருக்கிறீர்கள்.

வயரை ஏ பில்லர் (முன்கண்ணாடியின் பக்கத் தூண்) வழியாக இறக்கும்போது கர்ட்டன் ஏர்பேக் விரியும் பாதையில் குறுக்கே போடாதீர்கள். முடிந்தால் கூரை விளக்கிலிருந்தே மின்சாரம் எடுங்கள், தனி ஃபியூஸோடு.

மெக்கட்ரானிக்ஸ் மாணவன், கோவை

ரொம்ப நன்றி சார். போர்டைக் கூரைக்கு மாற்றி ஒற்றைப் பந்துத் தண்டு போட்டோம். ஐடிலில் இப்போது நம்பர் பிளேட் தெளிவாகத் தெரிகிறது. 1,200 ஆர்பிஎம் தாண்டும்போது மட்டும் ஒரு கணம் நடுங்குகிறது. ஏஎஸ்ஏ கூடு பிரிண்டில் இருக்கிறது.

இன்னொரு சந்தேகம். இரவில் கூச்சம் குறைக்கும் லீவரையும் மோட்டாரே செய்யட்டும், அதைக் கூடுதல் மெமரி கோணமாகப் போடலாம் என்று நண்பன் சொல்கிறான். சரிதானா?

பழைய டிசைனர்

1,200 என்றால் 40 ஹெர்ட்ஸ். ஏறும்போது கடந்துபோகிற வேகம்தான், ஆனால் மேடு பள்ளத்தில் மெதுவாகப் போகும்போது அங்கேயே நிற்க நேரும். தண்டை இன்னும் குட்டையாக்கிப் பாருங்கள்.

லீவர் விஷயத்தில் என் கருத்து: கையிலேயே விடுங்கள். அந்தக் கண்ணாடி ஆப்பு வடிவம், ஒரு ஓரம் தடித்தும் மறு ஓரம் மெலிந்தும் இருக்கும். பகலில் பின்பக்கப் பூச்சு பிம்பத்தைக் காட்டுகிறது. லீவரைத் தட்டினால் பூச்சின் பிம்பம் கூரைக்குப் போய்விடும், முன்பரப்பின் 4 சதவீத எதிரொளிப்பு மட்டும் கண்ணுக்கு வரும். மோட்டார் அதே கோணத்தைத் தரும், உண்மைதான். ஆனால் நெடுஞ்சாலையில் ஹைபீம் அடித்தால் விரலால் தட்டுகிற வேகம் வார்ம் கியருக்கு வராது. ஃபியூஸ் போனால் இரவு முழுக்க அந்த மங்கலிலோ கூச்சத்திலோ மாட்டிக்கொள்வீர்கள். லீவரை மோட்டார் தகட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வையுங்கள். அப்போது லீவர் எந்த நிலையில் இருந்தாலும் மெமரி குழம்பாது.

கோண வரம்பையும் அளவோடு வையுங்கள். கண் 10 சென்டிமீட்டர் நகர்ந்தால், அரை மீட்டர் தூரத்தில் அது 11 டிகிரி. கண்ணாடி அதில் பாதி திரும்பினால் போதும். பக்கத்துக்கு 10 டிகிரி தாராளம்.

ஒன்றை மட்டும் விடாமல் செய்யுங்கள். வாகனக் கண்ணாடிகளுக்கான ஐ.நா.வின் 46-ஆம் விதிப்படி உள் கண்ணாடியை 6.8 கிலோ ஊசலால் இடித்துப் பார்ப்பார்கள். தண்டு முறிந்தால் மிஞ்சும் பகுதி அடித்தளத்திலிருந்து 10 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கூட்டின் விளிம்பு வளைவு 2.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. நீங்கள் உள்ளே இரும்பு மோட்டார் வைத்திருக்கிறீர்கள், தண்டையும் விறைப்பாக்கியிருக்கிறீர்கள். மோதலில் அது நேராக ஒருவர் நெற்றிக்கு வரும். தண்டு அடிபட்டால் விலகிப்போகிற மாதிரி ஸ்பிரிங் பிடிப்பைத் திரும்ப வைத்துச் சோதிக்கும்வரை இந்தக் காரை வளாகத்துக்குள் மட்டும் ஓட்டுங்கள்.

மெக்கட்ரானிக்ஸ் மாணவன், கோவை

சரி சார். ஸ்பிரிங் பிடிப்புள்ள தண்டு ஒன்று வாங்கி, அதைக் குட்டையாக்கிப் பார்க்கிறோம். அளவுகளோடு படம் போடுகிறேன்.