மதுரை–தனுஷ்கோடி சைக்கிள் பயணம்: யோசனை சொல்லுங்களேன்

வணக்கம். பொங்கல் முடிந்ததும் நண்பர்கள் நாலு பேர் மதுரையிலிருந்து மானாமதுரை, பரமக்குடி வழியாகத் தனுஷ்கோடிக்கு மிதிக்கப் போகிறோம். சுமார் 190 கிலோமீட்டர், இரண்டு நாள். ராத்திரி ராமநாதபுரத்தில் தங்கல்.

போன ஞாயிறு மேலூர் போய்த் திரும்பினோம், 60 கிலோமீட்டர். கால் தாங்கியது. ஆனால் எனக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய், டீ கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. ஹேண்டில்பாரை உயர்த்தினால் சரியாகுமா, கையுறை போதுமா?

ஒருவனிடம் கியர் இல்லாத சைக்கிள். (மாற்றச் சொன்னால் கோபம் வருகிறது.) வாடைக்காற்று எதிரே அடித்தால் சமாளிப்பானா?

அப்புறம், பாம்பன் சாலைப் பாலத்தைப் பக்கக்காற்று குறைவாக இருக்கும் எந்த நேரத்தில் கடக்கலாம்? போய்வந்தவர்கள் சொல்லுங்கள். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.