ஓய்வு பெற்ற முதலாளிமாரோடு அரசியல் பேசி மாட்டியவர்கள் உண்டா?

அருமனைக்காரன்
குலசேகரம் பக்கம் ரப்பர் கடை வைத்திருந்த முதலாளி. அப்பா அவரிடம்தான் ரப்பர் ஷீட் விற்பார். இப்போது கடை இல்லை, வீட்டோடு இருக்கிறார். மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனேன். "1973-ல நூறு ரூவா சம்பாதிச்சா மேல்தட்டுக்கு 97.75 வரி, தெரியுமா மக்கா?" என்று தொடங்கியவர், ஆசியான் நாடுகளோடு போட்ட வர்த்தக ஒப்பந்தத்தில் ரப்பர் விலை போனது, அவசரநிலையில் ரயில் நேரத்துக்கு வந்தது, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒழுங்கு இல்லை என்று போய்க்கொண்டே இருந்தார். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

"பய எங்கடே?" என்றார். கனடா, பிஆர் (நிரந்தரக் குடியிருப்பு) கிடைத்தாச்சு, அடுத்து குடியுரிமை என்றேன். திண்ணையில் ஒரு பழைய ஷீட் கிடந்தது. அதை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்து, குமிழ் இருக்கிறதா என்று பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவன் பிள்ள எந்த நாட்டுக்கு ஓட்டு போடுவான்?" என்றார்.

எங்கே இருந்தால் என்ன முதலாளி என்று சிரித்தேன். "ஓட்டு இல்லாதவன் தோட்டத்துக்கு எந்த அரசியல்வாதி வருவான்?" என்றார். அது இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

தக்கலை_மினி
எனக்கு வாய்த்தவர் நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தியவர். நான் கணக்கு எழுதிய கடை. தொகுதி மறுவரையறைதான் அவருக்கு எப்போதும் பேச்சு. "எம்.பி. எண்ணிக்க 1971 கணக்குலயே நிக்கி. ரெண்டு பிள்ள போதும்னான், நாம கேட்டோம். இனி ஜனத்தொகைப்படி பிரிச்சா நம்ம 39 என்னாவும்?" என்பார். சரிதான், கேட்க வேண்டிய கேள்விதான். அதற்காக ஒற்றைப் பிள்ளைக்காரியான என்னைப் பார்த்து, "இன்னொண்ணு பெறு மக்ளே, நாட்டுக்காவ" என்றார், அதுவும் என் வீட்டுக்காரர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது! "வளர்க்கிற செலவை கடைக் கணக்கில எழுதட்டா அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்காரருக்குப் புரையேறியது.

கோட்டாறு_பையன்
@அருமனைக்காரன், அவசரநிலையில் ரயில் நேரத்துக்கு வந்ததாமா? 1975-ல் நாகர்கோவிலுக்கு ரயிலே கிடையாது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை பாதை திறந்ததே 1979-ல்தான். எந்த ரயிலைப் பார்த்தாராம்? எங்கள் பாட்டாவும் இதே கதையைத்தான் சொல்வார். மிசாச் சட்டத்தில் ஆளைப் பிடித்து உள்ளே போட்டதைக் கேட்டால் மட்டும் காது கேட்காது.

ஓய்வு_எழுத்தர்
எங்கள் தெருவிலும் ஒரு மளிகை மொத்த வியாபாரி உண்டு, நேரு தொட்டு எல்லாரையும் திட்டுவார், அவ்வளவுதான் என் கதை. அருமனைக்காரன் தம்பிக்கு ஒரு விஷயம். மகன் கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருக்கும்வரை ஓட்டு உண்டு. 6ஏ படிவத்தில் பெயர் சேர்க்கலாம், ஆனால் ஓட்டுப் போட பாஸ்போர்ட்டோடு நேரில் வர வேண்டும். கனடாக் குடியுரிமை எடுத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும், இரண்டையும் வைத்துக்கொள்ள நம் சட்டம் விடாது. வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை கிடைக்கும், அதில் ஓட்டு கிடையாது. விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்கவும் முடியாது. ஆனால் உங்கள் தோட்டம் வாரிசாக வந்தால் தடை இல்லை. ஆகவே உயிலை இப்போதே எழுதிப் பதிவு செய்யுங்கள், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள், வில்லங்கச் சான்றும் எடுத்து வையுங்கள். தள்ளிப் போட வேண்டாம்.

அருமனைக்காரன்
நன்றி சார், ஆனால் நான் சட்டம் கேட்கவில்லை. மகனிடம் அந்தக் கேள்வியை அப்படியே சொன்னேன். "தோட்டத்த வித்துருங்கப்பா" என்றான், யோசிக்கக்கூட இல்லை. கல்யாணத்துக்கு முதலாளி கட்டாயம் வருவார், இவனும் லீவில் வருகிறான். இரண்டு பேரையும் ஒரே பந்தியில் உட்காரவிடாமல் பார்க்க வேண்டும்.