'பூட்' என்பதற்குக் 'கிளப்பு': பழுதுநீக்கக் கையேட்டுக்கான முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

மடிக்கணினிப் பழுதுநீக்கக் கையேட்டின் தமிழ் வரைவில், கணினி இயங்கத் தொடங்குவதைக் குறிக்கும் 'பூட்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்குத் 'துவக்கு', 'தொடங்கு', 'பூட்டு', 'எழுப்பு' என்று ஆளுக்கொன்றாக எழுதியிருக்கிறோம். ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் பழுதுபார்க்கும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் இவை ஒவ்வொன்றையும் எடை போட்டு, வேறொரு சொல்லை முன்வைக்க விரும்புகிறேன்.

'துவக்கு' ஏற்கெனவே பல மென்பொருள் மொழிபெயர்ப்புகளில் புழங்குவதால் அதையே வைத்துக்கொள்ளலாம் என்பது பெரும்பான்மைக் கருத்து. சென்னையில் அமர்ந்து பார்த்தால் அதில் குறை தெரியாது. ஆனால் ஈழத்தமிழில் துவக்கு என்பது துப்பாக்கி. இங்கே மண்டபம் முகாமில் வாழும் ஈழத்துப் பிள்ளைகளும் இந்தக் கையேட்டைப் படிக்கப்போகிறவர்கள்தாம். 'துவக்கு வரிசையை மாற்றுக' என்று எழுதினால் அவர்கள் வீட்டுப் பெரியவர்களின் கண்முன் வருவது வேறு வரிசை. புழக்கத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அந்தச் சொல்லை அவர்கள் மேல் சுமத்த எனக்கு மனமில்லை.

'பூட்டு' என்பதற்குச் சொல்லப்பட்ட காரணம் அழகானது. சித்திரையில் நல்லேர் பூட்டுகிறோம், வண்டியில் மாட்டைப் பூட்டுகிறோம். ஆகவே ஒரு வேலைக்கு ஆயத்தமாக்குவதே பூட்டுதல், ஆங்கில ஒலிக்கும் அது ஒத்துவருகிறது என்றார் நண்பர். இருந்தாலும் கணினித் திரையில் பூட்டு என்றாலே கடவுச்சொல் கேட்கும் பூட்டுத்தான் நினைவுக்கு வரும். 2012-ல் விண்டோஸ் 8 உடன் பரவலான 'செக்யூர் பூட்' வசதியைப் 'பாதுகாப்பான பூட்டு' என்று மொழிபெயர்த்துப் பாருங்கள். திண்டுக்கல்லில் இருந்து வாங்கி வந்தது என்றுதான் நினைப்பார்கள்.

'எழுப்பு' எனக்குப் பிடித்த சொல். ஆனால் அது வேறோர் இடத்துக்குத் தேவைப்படுகிறது. மூடியைச் சாத்தியதும் மடிக்கணினி உறங்குகிறது. நினைவகத்துக்கு (ரேம்) மட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். மூடியைத் திறந்ததும் விட்ட இடத்திலிருந்து அது விழித்துக்கொள்ள வேண்டும். அணைத்துப் போட்டால் ஒழுங்காக வருகிற கணினி, உறக்கத்திலிருந்து மட்டும் விழிக்காமல் கறுத்த திரையோடு நிற்பது தனிப் பழுது. பெரும்பாலும் திரைவரைவுச் செலுத்தியில்தான் (கிராபிக்ஸ் டிரைவர்) கோளாறு இருக்கும். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால், பழுதுநீக்குபவர் வன்தட்டைக் (ஹார்ட் டிஸ்க்) கழற்றத் தொடங்கிவிடுவார்.

மீதமிருப்பது 'தொடங்கு'. இதில் உள்ள சிக்கல் இலக்கணம் சார்ந்தது. 'கூட்டம் தொடங்கியது', 'கூட்டத்தைத் தொடங்கினார்' என்று தன்வினைக்கும் பிறவினைக்கும் அச்சொல் ஒன்றாகவே நிற்கிறது. பேச்சில் இது உறுத்தாது. மடிக்கணினி ஏன் வரவில்லை என்று தேடும்போதோ, கேள்வியே அந்த இடத்தில்தான் இருக்கிறது: கிளப்ப வேண்டியது கிளப்பவில்லையா, கிளம்ப வேண்டியது கிளம்பவில்லையா?

மின்விசையை அழுத்தியதும் நடப்பதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். தாய்ப்பலகையிலுள்ள சில்லில் பதிந்திருக்கும் நிலைப்பொருள் (ஃபர்ம்வேர்) முதலில் இயங்கி, நினைவகமும் திரையும் சரியாக உள்ளனவா என்று தற்சோதனை செய்து பார்க்கிறது. பயாஸ் என்னும் பழைய வகை நிலைப்பொருளானால் அது வட்டின் முதல் 512 பைட்டுகளைப் படித்து, அவற்றின் கடைசி இரண்டு பைட்டுகளில் 55, ஏஏ என்னும் பதினாறடிமான எண்கள் இருந்தால் அங்குள்ள சிறு நிரலிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. யூஇஎஃப்ஐ என்னும் புதிய வகையானால், இதற்கென்றே வட்டில் பிரித்து ஒதுக்கிய, ஃபாட் கோப்புமுறை கொண்ட சிறு வகிர்வில் (பார்ட்டிஷன்) ஒரு கோப்பைத் தேடி எடுக்கிறது. அதன்பின் க்ரப் போன்ற நிரல் வந்து, இயங்குதளத்தின் மைய நிரலான கருனியை (கெர்னல்) நினைவகத்தில் ஏற்றி ஓடவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. கருனி, இயங்குதளக் கோப்புகள் உள்ள மூல வகிர்வை இணைத்து மற்ற சேவைகளை எழவைக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்று மற்றொன்றைக் கிளப்புகிறது. அது கிளம்பி அடுத்ததைக் கிளப்புகிறது. ஆங்கிலத்திலோ 'பூட்ஸ்ட்ராப்' என்னும் சப்பாத்து வாரைப் பிடித்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்வதாகச் சொல்லும் மரபுத்தொடரிலிருந்து சொல்லை எடுத்திருக்கிறார்கள். நமக்கு அந்த வாரும் வேண்டாம், சப்பாத்தும் வேண்டாம்.

ஆகவே என் முன்மொழிவு 'கிளம்பு', 'கிளப்பு' என்னும் இணை. 'வண்டியைக் கிளப்பு' என்பது தமிழ்நாடு முழுவதும் கேட்கிற பேச்சு. பாம்பனிலும் தொண்டியிலும் வள்ளத்தின் இன்ஜினுக்கும் அதே வினைதான். கிளம்புதலுக்கு மேலெழுதல் என்றும், கிளப்புதலுக்கு எழுப்புதல், உயர்த்துதல் என்றும் அகராதிகளே பொருள் தருகின்றன.

இந்த இணை எப்படி உதவும் என்பதற்கு, அண்மையில் மேசைக்கு வந்த மடிக்கணினி ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். தங்கச்சிமடத்திலிருந்து கல்லூரி மாணவி ஒருவர் கொண்டுவந்தார். பள்ளியில் அரசு கொடுத்த, இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினி. "அண்ணே, லேப்டாப் ஸ்டார்ட் ஆகலை" என்பதற்கு மேல் அவரிடம் விவரம் இல்லை. விசையை அழுத்தினால் விசிறி சுற்றியது, கேப்ஸ் லாக் விளக்கு விட்டுவிட்டு மின்னியது, திரை இருட்டாகவே இருந்தது. அடிப்பகுதியைத் திறந்து நினைவகத் தட்டை உருவினால், முனைகளின் தங்கப்பூச்சு ஓரத்தில் பச்சை படர்ந்திருந்தது. கடலோர வீடுகளில் சன்னலோரம் வைத்துப் படிக்கிற கணினிகளில் இது வழக்கம். உப்புத்தூள் காற்றின் ஈரத்தை இழுத்துச் செம்பை அரிக்கும். அழிப்பானால் தேய்ப்பவர்கள் உண்டு. அது பூச்சையும் சேர்த்துத் தேய்த்துவிடும் என்பதால் ஐசோபுரொப்பைல் ஆல்ககால் நனைத்த துணியால் துடைத்து, உலரவிட்டு மாட்டினேன். திரை ஒளிர்ந்தது. ஒளிர்ந்த திரையில் 'க்ரப் ரெஸ்க்யூ' என்று ஒற்றை வரி வந்து நின்றது.

விசாரித்தபோது, விளையாட்டு நிறுவ இடம் போதாமல் தம்பி முன்பே லினக்ஸ் வகிர்வை அழித்திருந்தது தெரிந்தது. வட்டின் முதற்பகுதியில் இருந்த நிரல் மட்டும் மிஞ்சி, தன் மற்றக் கோப்புகளைத் தேடித் தவித்துக்கொண்டிருந்தது. 'ஸ்டார்ட் ஆகலை' என்ற ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு பழுதுகள் ஒளிந்திருந்தன. நம் கையேட்டில் இதை இப்படி எழுதலாம்: 'முதலில், தற்சோதனையில் நினைவகம் தேறாததால் நிலைப்பொருள் அதற்கு மேல் எதையும் கிளப்பவில்லை, பிறகு, கிளப்பி முழுமையாக இல்லாததால் இயங்குதளம் கிளம்பவில்லை.' இதில் கிளப்பி என்பது பூட்லோடர். இந்த வாக்கியத்தில் 'தொடங்கவில்லை' என்று இரண்டு இடத்திலும் மாற்றிப் படித்தால், எது எதைத் தொடங்கவில்லை என்று இன்னொரு வாக்கியம் எழுத வேண்டியிருக்கும்.

மறுப்புகளையும் பார்த்துவிடுவோம். கிளப்பு கொச்சை என்றார் ஒருவர். எழுத்தில் குறைவாக வருவதாலேயே ஒரு சொல் கொச்சையாகிவிடாது. கலைச்சொல்லாகப் பொருள் குழம்பாமல் நிற்க அந்தக் குறைவே வசதி. புரளியைக் கிளப்புதல் என்ற வழக்கு இருக்கிறதே என்றார் இன்னொருவர். புரளியும் ஓரிடத்தில் கிளப்பினால் பல இடங்களில் கிளம்புவதுதான். பழைய காபி கிளப்புக் கடைகளை நினைவூட்டியவருக்கு மட்டும் என்னிடம் மறுமொழி இல்லை. ஆனால் அந்தப் பெயர்ப்பலகைகளைப் பார்த்த தலைமுறை இந்தக் கையேட்டுக்காகக் காத்திருப்பதாகத் தெரியவில்லை.

கிளைச்சொற்கள் சிரமமின்றி வருகின்றன. பூட் ஆர்டர் கிளப்பு வரிசை ஆகும், ரீபூட் மறுகிளப்பு ஆகும். மாணவியின் கணினியை மீட்கப் பயன்படுத்திய பென்டிரைவைக் கிளப்பும் விரலி என்றே எழுதலாம். பாதியில் விழுந்து மறுபடி மறுபடி முதலிலிருந்து வரும் கணினிக்குக் கிளம்புசுழல் பொருந்துகிறது. செக்யூர் பூட் என்பது கிளப்பியின் மின்னொப்பத்தைச் (டிஜிட்டல் கையெழுத்து) சரிபார்த்த பின்னரே ஓடவிடுவது. ஆகவே பாதுகாப்பு என்னும் பொதுச்சொல்லை விட்டு ஒப்பக் கிளப்பு எனலாம். ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்கள் வைக்கும் டூயல் பூட்டுக்கு இருகிளப்பு என்று எழுதிப் பார்த்தேன். காதுக்கு இதமாக இல்லை. நல்லது தோன்றினால் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் இந்தச் சொற்குடும்பத்துக்குள் கொண்டுவர வேண்டாம் என்பது என் கருத்து. விசையை அழுத்தியும் விளக்கோ விசிறியோ அசையாவிட்டால் அதைக் 'கிளம்பவில்லை' என்று எழுதக் கூடாது. 'மின்சாரம் ஏறவில்லை' என்றே எழுத வேண்டும். அங்கே பார்க்க வேண்டியவை மின்னேற்றியும் மின்கலமும் மின்விசையும். மின்னேற்றியைப் பிடுங்கி, கழற்ற முடிந்தால் மின்கலத்தையும் எடுத்துவிட்டு, விசையை 30 விநாடி அழுத்திப் பிடித்து, தேங்கிய மின்னூட்டம் வடிந்த பின் மீண்டும் இணைத்துப் பார்ப்பதே முதல் வேலை. ஐப்பசி கார்த்திகை மழையில் மின்னழுத்தம் ஏறி இறங்கிய மறுநாள் கடைக்கு வரும் கணினிகளில் பல இந்த வகைதான். அவற்றில் இயங்குதளத்தை மீள நிறுவச் சொல்லும் பக்கத்தைத் திறந்து பயனில்லை.

இதன்படி, 'கணினி தொடங்கவில்லை' என்று இப்போது ஒரே தலைப்பில் உள்ள அத்தியாயத்தை 'மின்சாரம் ஏறவில்லை', 'தற்சோதனை தேறவில்லை', 'கிளப்பி இல்லை', 'இயங்குதளம் கிளம்பவில்லை', 'உறக்கத்திலிருந்து எழவில்லை' என்று பிரித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். மறுப்புள்ளவர்கள் மாற்றுச் சொல்லைத் தனியாக அனுப்பாமல், மேலே தங்கச்சிமடத்துக் கணினிக்கு எழுதிய வாக்கியத்தில் அதைப் பொருத்தி அனுப்பினால் ஒப்பிட வசதியாக இருக்கும்.